செம்பனை நோயைப் பிரித்தறிய: கூறுகளை நாமே எடுப்பதா, நியூரல் நெட்வொர்க்கிடம் விடுவதா?

முந்நூறு மரம். மரத்துக்கு மூன்று ஓலை, ஓலைக்கு ஐந்து ஒளி அளவீடு. ஆக 4,500 வரிசை. வரிசைக்கு 2,151 எண்கள். மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் அளந்து, பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்காக என் அக்காள் மகள் சேர்த்து வைத்திருக்கும் கோப்பு இது. எந்த மரத்துக்கு நோய், எது நல்ல மரம் என்று கணினி இதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "மாமா, இவ்வளவு டேட்டா இருக்கே, நேரா நியூரல் நெட்வொர்க்ல போட்டுடலாம்தானே?" என்று கேட்டாள்.

தோட்டப்புறத்திலிருந்து படிக்கப் போன பிள்ளைகள் பலர் இதே கேள்வியை வேறு வேறு வடிவில் கேட்கிறார்கள். ஒருவரிடம் மில் வாசலில் எடுத்த குலைப் படங்கள், இன்னொருவரிடம் ஆற்றோரப் பறவைகளின் சத்தம். எல்லோர் முன்னாலும் இருப்பவை மூன்று வழிகள்தாம். முக்கியமான கூறுகளை நாமே கணக்கிட்டு, அவற்றை எந்த வகை என்று முடிவு சொல்லும் எளிய வகைப்படுத்தியிடம் கொடுப்பது ஒன்று. மூல எண்களை அப்படியே, பல அடுக்குகளாகக் கணக்கிட்டுக் கற்கும் நியூரல் நெட்வொர்க்கிடம் கொடுத்து, கூறுகளை அதையே கண்டுபிடிக்கச் சொல்வது இன்னொன்று. வேறு யாரோ எங்கோ பயிற்றுவித்த நெட்வொர்க்கை இரவல் வாங்கி, அது தரும் எண்களை நம் வகைப்படுத்தியிடம் கொடுப்பது மூன்றாவது.

என் பதிலை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். அவளிடம் இருப்பது 4,500 தரவு இல்லை, 300. கணக்காகப் பார்த்தால் அதைவிடவும் குறைவு. எந்த வழி என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது.

மண்டோரின் மூன்று கேள்வி

இந்த வட்டாரத்துக்குச் செம்பனை புதிதில்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் நடந்தது. ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறிப் பல வருடம் ஆகிவிட்டது, தோட்டங்கள் அதே இடத்தில் இருக்கின்றன. சிக்கலும் அங்கேதான். ஒரே நிலத்தில் திரும்பத் திரும்ப மறுநடவு செய்யும்போது, மண்ணுக்குள் கிடக்கும் பழைய அடிமரத் துண்டுகளில் தங்கியிருக்கும் கனோடெர்மா பூஞ்சை அடுத்த தலைமுறை மரத்தின் வேரில் ஏறுகிறது. அடித்தண்டு அழுகல் என்பது இந்த நோய்தான். முழுதாகக் குணப்படுத்த மருந்து இல்லை. சீக்கிரம் தெரிந்தால் அடியில் மண் அணைத்து மரத்தின் காலத்தை நீட்டிக்கலாம், பக்கத்து மரங்களுக்குப் பரவாமல் தடுக்கப் பார்க்கலாம். அடிமரத்தில் காளான் தெரிகிற நேரத்தில் உள்ளே பெரும்பகுதி அழுகியிருக்கும்.

தோட்ட வேலையை மேற்பார்க்கும் அனுபவமுள்ள மண்டோர் ஒருவர் கூட நடந்தால் முதல் வழியின் அடிப்படை புரிந்துவிடும்.

"தாத்தா, இந்த மரம் எப்படி?"

"மேல பாரும்மா. குருத்து மூணு நாலு விரியாம நிக்குது. கீழ் மட்டையெல்லாம் பாவாடை மாதிரி தொங்கிடுச்சு. அடியில காளான் இருக்கான்னு போய்ப் பாரு."

ஆயிரம் விவரம் உள்ள ஒரு மரத்தை அவர் மூன்று கேள்விக்குள் அடக்கிவிட்டார்: விரியாத குருத்து எத்தனை, மட்டை தொங்குகிறதா, காளான் உண்டா. கூறெடுப்பது என்றால் இவ்வளவுதான். மில் வாசலில் குலையைத் தரம் பிரிக்கும்போதும் இதுதான் நடக்கிறது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தர விதிப்படி, பழம் உதிர்ந்த குழி குறைந்தது பத்தாவது இருந்தால்தான் அது பழுத்த குலை. குலையின் நிறம், பளபளப்பு, எடை எல்லாவற்றையும் தாண்டி ஒரே ஓர் எண்ணிக்கை. யாரோ பல காலம் குலைகளைப் பார்த்துப் பார்த்து, எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பதோடு இந்த எண்ணிக்கை சேர்ந்து போகிறது என்று கண்டுபிடித்து வைத்த கூறு அது.

ஓலையில் தெரிவது என்ன

காளான் வரும்முன் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால்தான் ஒளி அளவி. அவள் கையில் இருக்கும் கருவி 350 முதல் 2,500 நானோமீட்டர் வரை, ஒவ்வொரு நானோமீட்டருக்கும் ஓலை எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று ஓர் எண் தரும். 2,151 என்ற கணக்கு அப்படி வந்தது. கருவியின் உண்மையான நுணுக்கம் ஏறத்தாழ 3 முதல் 10 நானோமீட்டர். இடையில் உள்ளவை கணக்கிட்டு நிரப்பியவை. பக்கத்துப் பக்கத்து எண்கள் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன. பார்க்க 2,151 பத்திகள், சேதி அவ்வளவு இல்லை.

எந்த மட்டையை அளப்பது என்பதில் இருக்கும் ஒழுங்கை ரசித்துப் பார்க்கலாம். முழுதாக விரிந்த இளைய மட்டை ஒன்றாம் எண். செம்பனை மட்டைகள் சுருள் சுருளாக வளர்வதால், அதற்குக் கீழே அதே வரிசையில் சற்று விலகி இருப்பது ஒன்பதாவது, அதற்கும் கீழே பதினேழாவது. ஒன்று, ஒன்பது, பதினேழு என்று கண்ணாலேயே இறங்கி வரலாம். உரச் சோதனைக்கு ஓலை எடுப்பதும் வழக்கமாக இந்தப் பதினேழாம் மட்டையில்தான். உயர்ந்த மரமென்றால் நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் மட்டையை இறக்கி, நடுப்பகுதி ஓலைகளைப் பறித்துப் பையில் மூடி வைத்து உடனே அளக்க வேண்டும். ஓலை வாடினால் 1,450, 1,940 நானோமீட்டர் பக்கம் இருக்கும் நீரின் பள்ளம் மாறிவிடும். பிறகு நாம் அளப்பது நோயையா, மதிய வெயிலையா என்று சொல்ல முடியாது.

நல்ல ஓலையில் பச்சையம் 670 நானோமீட்டர் அருகே சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும். 750ஐத் தாண்டியதும் அகச்சிவப்பைத் தாராளமாகத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் நடுவில் செங்குத்தாக ஏறும் அந்தச் சரிவுக்குச் சிவப்பு விளிம்பு என்று பெயர். பச்சையம் குறைந்தால் அந்த விளிம்பு குறைந்த அலைநீளத்தின் பக்கம் நகரும். அடித்தண்டு அழுகினால் மேலே போகும் நீரும் சத்தும் குறையும், பச்சையமும் குறையும், விளிம்பு நகரும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தழைச்சத்து குறைந்தாலும் பச்சையம் குறையும், நீர் தேங்கினாலும் குறையும். ஓலைக்குத் தெரிந்ததெல்லாம் தனக்குக் கஷ்டம் என்பது மட்டும்தான். யார் கொடுத்த கஷ்டம் என்பதை எந்த வழிமுறையானாலும் அதிலிருந்து லேசில் வாங்க முடியாது.

முதல் வழி: கூறுகளை நாமே எடுப்பது

நடைமுறை இப்படிப் போகும். முதலில் அளவீட்டுக் கோட்டின் நடுக்கத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு 1964இல் சாவிட்ஸ்கியும் கோலேயும் கொடுத்த முறை இன்றும் போதும். கோட்டை வழுவழுப்பாக்கும், அதோடு சரிவையும் கணக்கிட்டுத் தரும். அப்புறம் பத்துப் பதினைந்து கூறுகள்: சிவப்பு விளிம்பு எங்கே நிற்கிறது, அகச்சிவப்புக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்ன வருகிறது, 900க்கும் 970க்கும் உள்ள விகிதம் நீரைப் பற்றி என்ன சொல்கிறது. இவற்றை ராண்டம் ஃபாரஸ்ட் அல்லது எஸ்விஎம் மாதிரி ஒரு வகைப்படுத்தியிடம் கொடுப்பது. சாதாரண மடிக்கணினியில் சில வினாடி வேலை.

இது பழைய மரபு. 1936இல் ஃபிஷர் 150 ஐரிஸ் பூக்களை மூன்று இனமாகப் பிரித்தது நான்கே நான்கு அளவுகளை வைத்துத்தான்: புற இதழ், அக இதழ் இரண்டின் நீள அகலம். சரியான நான்கைத் தேர்ந்தெடுத்தால் 150 பூ போதும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

கூறுகளை எண்ணிப் பார்க்கச் சோம்பல் பட்டு நேரே பிசிஏ (பல பத்திகளைச் சில கூட்டு அச்சுகளாகச் சுருக்கும் முறை) போடுகிறவர்கள் நிறையப் பேர். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பிசிஏ தேடுவது தரவில் எது அதிகமாக மாறுகிறதோ அதை. நோய் எங்கே மாறுகிறது என்பதை அல்ல. செம்பனை ஓலைகளில் அதிகம் மாறுவது ஓலையின் தடிப்பு, வயது, அளவியை வைத்த கோணம். முதல் இரண்டு அச்சும் இவற்றுக்கே போய்விடலாம். நோயின் அடையாளம் ஏழாவது அச்சில் ஒளிந்துகொண்டிருக்கும். நாம் ஐந்தோடு வெட்டிவிட்டிருப்போம். நோய் விவரத்தையும் சேர்த்துப் பார்த்து அச்சுகளைத் தேடும் பிஎல்எஸ் இங்கே நல்ல தேர்வு.

இந்த வழியின் பெரிய பலம், முடிவைப் பேச முடிவது. "சிவப்பு விளிம்பு நகர்ந்திருக்கிறது, நீர்க் குறியீடும் இறங்கியிருக்கிறது, அதனால் இந்த மரத்தைப் பாருங்கள்" என்று தோட்ட மேனேஜரிடம் சொல்லலாம். அவர் உடனே "போன மாசம் அந்த பிளாக்குக்கு உரம் போடலையே" என்பார். அந்த ஒரு வாக்கியம் ஒரு மாத வேலையை மிச்சப்படுத்தும். நெட்வொர்க் 0.87 என்று ஓர் எண்ணை நீட்டினால் அவருக்குச் சொல்ல எதுவும் இருக்காது.

பலவீனமும் வெளிப்படை. நமக்குத் தோன்றாத கூறு பட்டியலிலேயே வராது.

இரண்டாம் வழி: எல்லாவற்றையும் நெட்வொர்க்கிடம் விடுவது

நமக்குத் தோன்றாததை நெட்வொர்க் கண்டுபிடிக்குமா? கண்டுபிடிக்கும். அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி துகள் இயற்பியலில் இருக்கிறது. பால்டி, சடோவ்ஸ்கி, வைட்சன் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஹிக்ஸ் துகள் தோன்றும் மோதல்களை மற்ற மோதல்களிலிருந்து பிரிக்கப் பார்த்தார்கள். ஒவ்வொரு மோதலுக்கும் உணரிகள் தரும் 21 மூல அளவுகள். அவற்றிலிருந்து இயற்பியலாளர்கள் யோசித்து வடித்த 7 கூறுகள். பிரிக்கும் திறனை, நாணயம் சுண்டினால் 0.5, தவறே இல்லாவிட்டால் 1 என்ற அளவுகோலில் பார்த்தார்கள். கேள்வி கேள்வியாகக் கிளை பிரிந்து முடிவெடுக்கும் மரவகை முறைக்கு (ராண்டம் ஃபாரஸ்டும் இந்த வகைதான்) மூல அளவுகள் மட்டும் கொடுத்தபோது 0.73, நிபுணர்களின் ஏழையும் சேர்த்ததும் 0.81. ஆழமான நெட்வொர்க்குக்கு மூல அளவுகள் மட்டுமே 0.88ஐக் கொடுத்தன. ஏழையும் சேர்த்தபோது 0.885, அவ்வளவுதான் முன்னேற்றம். நிபுணர்கள் கண்டதை அது தானாகவே கண்டுபிடித்துவிட்டது, அவர்கள் காணாத கொஞ்சத்தையும் சேர்த்து.

இந்த இடத்தில் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். ஆனால் அந்தத் தரவுத் தொகுப்பில் 1 கோடியே 10 லட்சம் மோதல்கள் இருக்கின்றன. எல்லாம் கணினி உருவகத்தில் உண்டாக்கியவை, எது என்ன என்பது துல்லியமாகத் தெரிந்தவை. செம்பனையை அப்படி உருவகத்தில் வெட்டி இறக்க முடியாது.

நம் கோப்புக்குக் கணக்குப் போடுவோம். 2,151 எண்களை முதல் அடுக்கில் 128 கணுக்களோடு முழுதாக இணைத்தால், அந்த ஓர் அடுக்கிலேயே கற்றுக்கொள்ள வேண்டிய எண்கள் 2,75,456. மரம் 300. இவ்வளவு சுதந்திரம் இருக்கும் நெட்வொர்க் எந்த மரத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்துவிடும். இதற்கு மாற்று, குறுகிய சன்னலைக் கோட்டின் மேல் நகர்த்திக் கற்கும் ஒரு பரிமாண சிஎன்என். அதற்குக் கற்க வேண்டியவை குறைவு. அது முதல் அடுக்கில் பெரும்பாலும் எதைக் கற்கிறது? கோட்டை வழுவழுப்பாக்குவதையும் சரிவு பார்ப்பதையும். 1964இல் இலவசமாகக் கிடைத்த அதே வேலை; இங்கே அதற்குத் தரவைச் செலவழித்து வாங்குகிறோம்.

கணினி வசதி இன்று தடையே இல்லை. கூகுள் கோலாப்பில் இலவசமாகவே ஓட்டலாம். ஓடுவதால் அது சரியான வழி என்று ஆகிவிடாது, அவ்வளவுதான்.

படங்களின் கதை வேறு. இமேஜ்நெட் என்ற பெரிய படத் தொகுப்பை வைத்து 2012இல் நடந்த போட்டியில் அலெக்ஸ்நெட் என்ற நெட்வொர்க் ஐந்து யூகத்துக்குள் தவறும் விகிதத்தை 15.3 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தது. கையால் எடுத்த கூறுகளை வைத்து இரண்டாவதாக வந்தது 26.2. அந்த இடைவெளிக்குப் பிறகு படங்களில் கூறுகளைக் கையால் எழுதும் வேலை கிட்டத்தட்ட நின்றுபோனது. அதில் வியப்பில்லை. விளிம்பு, வளைவு, அமைப்பு இதையெல்லாம் மனிதன் வாய்ப்பாடாக எழுதி முடிக்கவே முடியாது. அதற்கும் விலை உண்டு: 12 லட்சம் பயிற்சிப் படங்கள், 6 கோடி அளவுருக்கள். எண்கள் பத்தி பத்தியாக அடுக்கிய தரவுக்கு இந்த வெற்றி அப்படியே பொருந்தவில்லை. பத்தாயிரம் வரிசை அளவிலான அட்டவணைத் தரவில் மரவகை முறைகளே இன்னும் முன்னால் நிற்கின்றன என்று 2022இல் வந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வு காட்டியது.

மூன்றாம் வழி: இரவல் நெட்வொர்க்

இமேஜ்நெட்டில் பயிற்சி பெற்ற ரெஸ்நெட்-50 மாதிரி ஒன்றை எடுத்து, அதன் கடைசி முடிவு அடுக்கைக் கழற்றிவிட்டால், எந்தப் படத்தைக் கொடுத்தாலும் 2,048 எண்களாக மாற்றித் தரும். அந்த எண்களை எளிய வகைப்படுத்தியிடம் கொடுப்பதுதான் மூன்றாம் வழி. கூறெடுப்பவர் வேறொருவர், முடிவெடுப்பது நாம். குலைப் படமோ, டிரோன் எடுத்த மரத்தலைப் படமோ சில நூறு கையில் இருந்தால் இதைத்தான் முதலில் செய்து பார்க்கச் சொல்வேன். பறவைச் சத்தத்துக்கும் இதே மாதிரி உண்டு: கார்னெல், கெம்னிட்ஸ் பல்கலைக்கழகங்களின் பேர்ட்நெட் தரும் எண்களை எடுத்து, நம் ஊர்ப் பறவைகளுக்குச் சிறிய வகைப்படுத்தி ஒன்றைப் பயிற்றுவிக்கலாம்.

குலைக்கு ஓர் எச்சரிக்கை. நம் பக்கம் பெரும்பாலான குலைகள் காயாக இருக்கும்போது கருப்பாகவும் பழுத்தால் செம்மஞ்சளாகவும் இருக்கும். காயாக இருக்கும்போதே பச்சையாக இருக்கும் இன்னொரு வகையும் உண்டு. கருப்பு வகையை மட்டும் காட்டிப் பயிற்றுவித்த மாதிரி (மாடல்) பச்சைக் காயைப் பார்த்தால் என்ன சொல்லும் என்று கடவுளுக்கே வெளிச்சம். உதிர்ந்த குழியை எண்ணுகிறவருக்கு அந்தக் குழப்பம் அவ்வளவு வராது.

ஓலையின் ஒளிக் கோட்டுக்கு மூன்றாம் வழி பொருந்தாது. இமேஜ்நெட் பார்த்ததெல்லாம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று மட்டும். 2,151 அலைநீளத்தைப் படமாக வரைந்து கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நாய், பூனை, பேருந்து பார்த்துப் பழகிய கண்ணிடம் அதைக் காட்டி என்ன கேட்கப் போகிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

மூன்றையும் கவிழ்க்கும் இடம்

எந்த வழியை எடுத்தாலும், சோதனைக்கு எதை ஒதுக்கி வைத்தோம் என்பதில்தான் ஆய்வு நிற்கிறது, அல்லது விழுகிறது. 4,500 வரிசையைக் கலைத்து 80க்கு 20 என்று பிரித்தால், ஒரே ஓலையின் நான்கு அளவீடு பயிற்சியிலும் ஒன்று சோதனையிலும் என்ற கணக்கில் போய்ச் சேரும். அவை ஏறக்குறைய ஒரே கோடு. மாதிரி நோயைக் கற்க வேண்டிய அவசியமே இல்லை, இந்த மரத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தால் போதும். 98 விழுக்காடு வரும், ஆய்வேடும் அச்சாகிவிடும்.

மரம் மரமாகப் பிரித்தால் இது தீரும். ஆனாலும் இன்னொரு ஓட்டை இருக்கும். நோய் மரங்கள் பெரும்பாலும் ஆற்றோரத்துப் பழைய நடவில் இருக்கும், நல்ல மரங்கள் புது நடவில். அப்படியானால் மாதிரி கற்றது மரத்தின் வயதையா, நோயையா? நோய் மரங்களை ஒரு காலையிலும் நல்ல மரங்களை வேறொரு காலையிலும் அளந்திருந்தால், கருவியைச் சரிசெய்யும் வெள்ளைத் தகட்டு அளவில் இருந்த சிறு வித்தியாசத்தைக் கூட அது பிடித்துக்கொள்ளும். இதனால்தான் 300ஐவிடவும் குறைவு என்றேன். ஐந்து பிளாக்கில் அளந்திருந்தால், ஒரு பிளாக்கை மூடி வைத்து மற்ற நான்கில் கற்றுச் சோதிக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. உண்மையான தகவல் அந்த ஐந்து விடைகளில்தான் இருக்கிறது. அவற்றின் சராசரியைவிட, ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பாருங்கள்.

நெட்வொர்க் இந்த ஓட்டையில் அதிகம் விழும், காரணம் அதற்குச் சுதந்திரம் அதிகம். 54,306 பயிர் இலைப் படங்கள் கொண்ட பிளான்ட்வில்லேஜ் தொகுப்பில் 2016இல் ஒரு நெட்வொர்க் 99.35 விழுக்காடு சரியாகச் சொன்னது. வேறு இடத்தில், வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது 31 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. 2022இல் இன்னொருவர் அதே தொகுப்பில் இலையையே பார்க்காமல், பின்னணியிலிருந்து எட்டே எட்டுப் படப்புள்ளிகளை எடுத்து வகைப்படுத்திப் பார்த்தார். 49 விழுக்காடு சரி! 38 வகையில் குருட்டாம்போக்கில் சொன்னால் 2.6தான் வர வேண்டும். எந்த மேசையில் எந்த நோயின் இலையை வைத்துப் படமெடுத்தார்கள் என்பது படத்திலேயே எழுதியிருந்திருக்கிறது.

கையால் கூறெடுப்பவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. 2,151 அலைநீளத்தில் எந்தப் பத்து நோயோடு சேர்ந்து போகிறது என்று முழுத் தரவையும் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பயிற்சி, சோதனை என்று பிரித்தால், சோதனை ஏற்கெனவே கசிந்துவிட்டது. வெறும் சீரற்ற எண்களை வைத்துச் செய்தாலும் இந்த முறையில் நல்ல மதிப்பெண் வரும். தேர்வும் பயிற்சிப் பக்கத்துக்குள்ளேயே நடக்க வேண்டும்.

இன்னொன்று, நாம் விடை என்று வைத்திருப்பதே சந்தேகம்தான். நல்ல மரம் என்று குறித்தது மண்டோர் கண்ணுக்கு நல்ல மரம். உள்ளே பூஞ்சை ஏறி வெளியே தெரியாதவை அந்தப் பட்டியலில் இருக்கத்தான் செய்யும். அவற்றைக் கண்டுபிடிக்கத்தானே இந்த ஆய்வே! தண்டிலிருந்து சிறிது எடுத்து ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்யாத மரங்களை வைத்துக்கொண்டு, மாதிரி தவறாகச் சொன்னது என்று எண்ணுவதில் எச்சரிக்கை வேண்டும். அது நமக்கு முன்னால் கண்டுபிடித்திருக்கவும் கூடும். பணம் கொஞ்சம்தான் இருக்கிறதென்றால், புது நெட்வொர்க் ஓட்டுவதைவிட ஐம்பது மரத்துக்கு ஆய்வுக்கூட முடிவு வாங்குவதில் செலவிடச் சொல்வேன்.

அப்போ எதை எடுப்பது?

அக்காள் மகளுக்கு நான் சொன்னது இது. ஒளிக் கோட்டுக்கு முதல் வழி. பத்துப் பதினைந்து கூறு, பிஎல்எஸ், ராண்டம் ஃபாரஸ்ட், பிளாக் பிளாக்காகச் சோதனை. இரண்டாம் வழியை விட்டுவிடச் சொல்லவில்லை. சின்ன சிஎன்என் ஒன்றை அதே பிரிப்பில் ஓட்டி, ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமாக வைக்கலாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விடை தந்தால் விளக்கம் சொல்லத் தெரிந்ததையே வைத்துக்கொள்ள வேண்டும். நெட்வொர்க் ரொம்பவும் முந்தினால் முதலில் கசிவைத் தேட வேண்டும், பாராட்டு பிறகு. டிரோன் படங்களுக்கு மூன்றாம் வழி.

அவள் விடவில்லை. "மாமா, எக்ஸாமினர் நியூரல் நெட்வொர்க் எங்கேன்னுதான் கேட்பாங்க" என்றாள். கேட்கட்டும். பிளாக்கை மூடி வைத்துச் சோதித்த அட்டவணையை முன்னால் வைத்தால் அதற்குப் பிறகு வரும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும்.

மதிப்பெண்ணையும் துல்லியம் என்ற ஒற்றை எண்ணில் கொடுக்கக் கூடாது. ஆயிரம் மரத்தில் ஐம்பதுக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே நல்ல மரம் என்று கண்ணை மூடிச் சொன்னாலே 95 விழுக்காடு சரி. ஒன்பது மீட்டர் முக்கோண நடவில் ஹெக்டருக்குச் சுமார் 143 மரம் நிற்கும். ஒரு பிளாக்கில் ஆயிரக்கணக்கில் இருக்கும், எல்லாவற்றையும் போய்ப் பார்க்க ஆள் கிடையாது. மேனேஜருக்குத் தேவை ஒரு பட்டியல்: எந்த வரிசை, எத்தனையாவது மரம், சந்தேகம் அதிகமானது மேலே. அதில் முதல் ஐம்பதைப் போய்ப் பார்த்தால் எத்தனை உண்மையில் நோய் மரம், பட்டியலில் வராமல் தப்பியவை எத்தனை. இந்த இரண்டு எண்ணும்தான் ஆய்வேட்டில் தடித்த எழுத்தில் வர வேண்டியவை. நல்ல மரத்தைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அரை மணி நேரம் வீண். நோய் மரம் தப்பினால் பக்கத்து மரங்களுக்கும் சேர்த்து ஆபத்து. ஆகையால் சந்தேகத்தின் வாசலைத் தாழ்த்தி வைப்பதில் தவறில்லை.

என் தேர்வு மாற வேண்டுமானால் என்ன நடக்க வேண்டும் என்றும் கேட்டாள். கடலோர மண், கரி மண், மேட்டு நிலம் என்று பல தோட்டங்களில், பல பருவங்களில், ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்த ஆயிரக்கணக்கான மரங்களின் அளவீடு ஒரே முறையில் சேர்ந்திருக்க வேண்டும். அந்த நாள் வந்தால் நானும் இரண்டாம் வழிக்கு மாறிவிடுவேன். நாம் யோசிக்காத ஏதோ ஓர் அலைநீளக் கூட்டணி, உரக் குறைவையும் கனோடெர்மாவையும் பிரித்துச் சொல்லும் என்ற நம்பிக்கை எனக்கும் உண்டு. இப்போதைக்கு அவள் கேட்டிருப்பது இரண்டாவதாக ஒரு தோட்டத்தில் அளக்க அனுமதி. தோட்ட அலுவலகக் கிராணி அப்ளிகேஷனை வாங்கி வைத்திருக்கிறார்.